சுரங்கப்பாதையைச் சுற்றியுள்ள தரை எப்படி நடந்துகொள்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுரங்கப்பாதை வேலையிடத்துக்குப் புதிதாக வரும் பொறியாளர்கள், கட்டடப் பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள், மெட்ரோ பாதைக்கு மேலே வீடு வைத்திருப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை எளியதிலிருந்து சிக்கலானது என்ற வரிசையில் தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன். பதில்களில் வரும் கணக்குகள் விஷயம் புரிவதற்கான தோராயக் கணக்குகள். அவற்றை வைத்து யாரும் எதையும் வடிவமைத்துவிட வேண்டாம்.

1. மலைக்கு நடுவில் துளை போட்டால் மேலே இருக்கும் மலை முழுவதும் அதன் தலையில் இறங்காதா?

அப்படி இறங்குவதாக இருந்தால் உலகில் ஒரு மலைச் சுரங்கப்பாதையும் நின்றிருக்காது. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் சுமார் 2,700 டன் பாறை இருக்கிறது. சுவரில் பீய்ச்சி ஒட்டும் 20, 30 சென்டிமீட்டர் கான்கிரீட்டும் (ஷாட்கிரீட்), பாறைக்குள் செருகும் சில இரும்புக் கம்பிகளும் (ராக் போல்ட்) அதைத் தாங்குவதில்லை, பாறைதான் தாங்குகிறது. தோண்டி எடுத்த பாறை அதுவரை சுமந்துகொண்டிருந்த சுமை, இப்போது துளையின் இரு பக்கங்களுக்கும் விலகிப் போகிறது. பாலத்தின் தூணைச் சுற்றி ஆற்று நீர் பிரிந்து ஓடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தூணின் ஓரத்தில் நீர் வேகமெடுப்பதுபோல், துளையின் ஓரத்தில் சுமை நெருக்கியடித்துப் போகும். நம்முடைய சிக்கல்கள் எல்லாம் அந்த ஓரத்தில்தான் தொடங்குகின்றன.

துளைக்கு மேலே தளர்ந்து, தாங்கலின் (ஷாட்கிரீட், போல்ட், இரும்பு வளைவு போன்றவை) மேல் உண்மையிலேயே உட்காரும் பாறையின் உயரம் ஆழத்தைப் பொறுத்தது அல்ல. அது துளையின் அகலத்தையும் பாறையின் விரிசல்களையும் பொறுத்தது. பொறியாளர் கார்ல் டெர்சாகி 1946இல் இரும்பு வளைவுகளுக்கான சுமையைப் பாறை வகைவாரியாகத் தந்தபோது, அதைச் சுரங்கத்தின் அகலத்தையும் உயரத்தையும் கொண்டுதான் கணக்கிட்டார்.

2. ஓர் ஆழத்தில் எவ்வளவு தகைவு இருக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தகைவு என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் எவ்வளவு விசை விழுகிறது என்பது. செங்குத்துத் தகைவு எளிது. மேலே இருக்கும் பாறையின் எடையைக் கணக்கிட்டால் போதும். 100 மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 மெகாபாஸ்கல் (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 100 டன்) என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரோதாங் மலைக்கு அடியில் செல்லும் அடல் சுரங்கப்பாதையில் அதிகபட்ச மூடல் (மேலே இருக்கும் பாறையின் தடிமன்) சுமார் 1,900 மீட்டர். அங்கே இந்தக் கணக்கு 51 மெகாபாஸ்கலைத் தரும். நல்ல கான்கிரீட் நொறுங்கும் அளவு அது.

ஆனால் மலை சமதளம் அல்ல. பள்ளத்தாக்கின் சரிவை ஒட்டிப் பாதை போகும் இடத்தில் தகைவின் திசையே சரிவுக்கு ஏற்பச் சாய்ந்துவிடும். அங்கே உச்சியிலிருந்து நேராக அளந்த ஆழத்தை மட்டும் நம்பினால் கணக்கு தவறும்.

3. பக்கவாட்டுத் தகைவு செங்குத்துத் தகைவில் மூன்றில் ஒரு பங்கு என்று படித்தேன். சரிதானே?

பாய்சான் விகிதத்தை (ஒரு திசையில் அமுக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்ற அளவை) 0.25 என்று எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் பாறை நகரவே முடியாது என்று கருதினால் மூன்றில் ஒரு பங்கு வரும். பூமி அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. சுவீடனின் நீல்ஸ் ஹாஸ்ட் 1950களில் ஸ்காண்டிநேவியச் சுரங்கங்களில் அளந்தபோது, பக்கவாட்டுத் தகைவு செங்குத்துத் தகைவைத் தாண்டி நின்றது. பின்னர் உலகெங்கும் கிடைத்த அளவீடுகளை பிரவுனும் ஹோக்கும் 1978இல் தொகுத்தார்கள். அவர்கள் தந்த எல்லைகளின்படி, 500 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டுத் தகைவுக்கும் செங்குத்துத் தகைவுக்கும் உள்ள விகிதம் 0.5 முதல் 3.5 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆழம் கூடக் கூட அந்த இடைவெளி சுருங்கும். 2,000 மீட்டரில் 0.35 முதல் 1.25 வரை.

எனக்குப் பிடித்த உதாரணம் கனடாவின் மானிடோபா மாகாணத்தில் இருந்த நிலத்தடி ஆய்வுக்கூடம். 420 மீட்டர் ஆழத்தில், கிரானைட் பாறையில், எடையின்படி எதிர்பார்க்கும் தகைவு 11 மெகாபாஸ்கல். கிடைமட்டத்தில் அவர்கள் கண்ட பெரும தகைவு 60 மெகாபாஸ்கலை ஒட்டியது. கண்டத் தட்டுகளின் நெருக்கம், மேலிருந்த பாறை அரித்துப்போன பிறகும் உள்ளே பூட்டிக்கிடக்கும் பழைய தகைவு ஆகியவை இப்படிப்பட்ட எண்களுக்குக் காரணம். நகரத்தையும் மலையையும் பார்த்து ஊகிக்கக்கூடிய விஷயம் அல்ல இது. அளந்தால்தான் தெரியும்.

4. துளையின் ஓரத்தில் தகைவு எவ்வளவு கூடும்?

இதற்கு 1898லேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் விடை எழுதிவிட்டார். எல்லாத் திசையிலும் ஒரே தகைவு இருக்கும் பாறையில் வட்டத் துளை போட்டால், அதன் சுவரை ஒட்டிச் சுற்றிப் போகும் தகைவு இரண்டு மடங்காகும். திசைக்குத் திசை தகைவு வேறுபட்டால், பெரியதன் மூன்று மடங்கிலிருந்து சிறியதைக் கழித்தது ஒரு புறமும், சிறியதன் மூன்று மடங்கிலிருந்து பெரியதைக் கழித்தது இன்னொரு புறமும் வரும். இரண்டாவது எதிர்மறையாகிவிட்டால் அங்கே இழுவை. பாறை இழுவையைத் தாங்குவதில் மிகவும் பலவீனம்.

மேலே சொன்ன மானிடோபா எண்களைப் போட்டுப் பாருங்கள்: 3 × 60 − 11 = 169 மெகாபாஸ்கல். பெரிய தகைவு கிடைமட்டமாக இருந்ததால் இது விழுந்த இடம் உச்சியும் தரையும். வெடி வைக்காமல் மிகக் கவனமாகத் தோண்டிய 3.5 மீட்டர் விட்டமுள்ள சோதனைச் சுரங்கம் அது. அந்த இரண்டு இடங்களிலும் பாறை மெல்லிய தகடுகளாக உரிந்து, நாட்கள் செல்லச் செல்ல ஆங்கில ‘வி’ வடிவப் பள்ளமாக ஆழ்ந்தது. ஆய்வகத்தில் அதே கிரானைட்டின் அமுக்க வலிமை 200 மெகாபாஸ்கலுக்கு மேல். வலிமையை எட்டாமலேயே உரிந்தது என்பதைக் கவனியுங்கள். 10ஆம் கேள்வியில் இது மறுபடி வரும்.

இந்தக் கூடுதல் வெகு தூரம் போகாது. எல்லாத் திசையிலும் சமமான தகைவு என்றால், சுவரிலிருந்து ஓர் ஆரம் தள்ளிப் போனதும் இரண்டு மடங்கு 1.25 மடங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் இரட்டைச் சுரங்கங்களுக்கு நடுவே போதிய தூண் விட்டால் ஒன்றை ஒன்று அதிகம் தொந்தரவு செய்யாது.

5. கிர்ஷ் சூத்திரத்தில் விட்டமே இல்லை. அப்படியானால் 3 மீட்டர் சுரங்கத்துக்கும் 15 மீட்டர் சுரங்கத்துக்கும் ஆபத்து ஒன்றுதானா?

நல்ல கேள்வி. சூத்திரப்படி ஓரத் தகைவு ஒன்றுதான். ஆனால் சூத்திரத்தில் இருக்கும் பாறையில் விரிசல் இல்லை. நிஜப் பாறையில் விரிசல்கள் அரை மீட்டருக்கு ஒன்று இருந்தால், 3 மீட்டர் அகலத்தில் சிலவற்றையே வெட்டுவீர்கள். 15 மீட்டர் அகலத்தில் பல விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டி, விழத் தயாராக நிற்கும் கட்டிகளை உருவாக்கும். ஆஸ்திரியப் பொறியாளர் லாஃபர் 1958இல் தாங்கலின்றி நிற்கும் காலத்தை அகலத்தோடு இணைத்துக் காட்டியதும் இதைத்தான். அதே பாறை சிறு அகலத்தில் நாட்கணக்கில் நிற்கும், பெரிய அகலத்தில் மணிக்கணக்கில்கூட நிற்காது. பெரிய சுரங்கத்தை மேல்பாதி, பெஞ்ச் (கீழ்ப்பாதி), இன்வெர்ட் (அடித்தளம்) என்று பிரித்துத் தோண்டுவது இதனால்தான்.

6. சார், தரையின் நடத்தை என்கிறீர்களே, அதில் எத்தனை வகை?

பெயர்ப்பட்டியல் நிறைய உண்டு. நடைமுறையில் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: இங்கே கதையை நடத்துவது விரிசலா, தகைவா, தண்ணீரா? விரிசல் என்றால் கட்டி விழும். தகைவு என்றால் உறுதியான பாறை உரியும் அல்லது வெடிக்கும், மென்மையான பாறை பிதுங்கும். தண்ணீர் என்றால் மணலும் நொறுங்கிய பாறையும் வழிந்து ஓடி வரும், சில களிமண் வகைகள் உப்பும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வெடிக்கும் பாறைக்கான மருந்தை வழிந்தோடும் மணலுக்குக் கொடுத்தால் பணமும் போகும், முகப்பும் (தோண்டிக்கொண்டிருக்கும் முன்சுவர்) போகும்.

7. பிதுங்குமா என்று தோண்டுவதற்கு முன்பே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஹோக், மரினோஸ் இருவரும் 2000ஆம் ஆண்டில் தந்த எளிய வழி பயன்படும். பாறைத்திரளின் வலிமையை அந்த இடத்துத் தகைவால் வகுக்க வேண்டும். ஆய்வகத்துச் சிறு துண்டின் வலிமையைப் போடக் கூடாது, விரிசல்களோடு சேர்ந்த மொத்தத் திரளின் வலிமை வேண்டும். வந்த விகிதத்தின் வர்க்கத்தால் 0.2ஐ வகுத்தால், தாங்கல் இல்லாதபோது சுரங்கம் எத்தனை சதவீதம் சுருங்கும் என்று கிடைக்கும்.

600 மீட்டர் ஆழத்தில் நொறுங்கிய ஃபில்லைட் (மெல்லிய ஏடுகளாகப் பிளக்கும் பாறை) என்று வைத்துக்கொள்வோம். தகைவு 16 மெகாபாஸ்கல், திரளின் வலிமை 4. விகிதம் 0.25, சுருக்கம் சுமார் 3.2 சதவீதம். 10 மீட்டர் விட்டத்தில் 32 சென்டிமீட்டர். ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் வழக்கமான தாங்கல் போதும். 2.5ஐத் தாண்டினால் கடுமை, 5ஐத் தாண்டினால் மிகக் கடுமை, அங்கே முகப்பே உள்ளே பிதுங்கி வரும். 4க்குப் பதில் 3 என்று போட்டுப் பாருங்கள், சுருக்கம் 5.7 சதவீதத்துக்குத் தாவிவிடும். திரளின் வலிமையை இவ்வளவு துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது என்பதால், இந்த வழி எச்சரிக்கை மணிக்குத்தான் உதவும், ஒப்பந்தத்தில் எழுதுவதற்கு அல்ல.

8. பிதுங்கும் தரையில் இன்னும் கனமான இரும்பு வளையம் போட்டு அடக்கிவிட முடியாதா?

இதைக் கேட்காத ஒப்பந்தக்காரர் இல்லை. கணக்கைப் பாருங்கள். 5 மீட்டர் ஆரமுள்ள வட்டச் சுரங்கத்தில் 25 சென்டிமீட்டர் ஷாட்கிரீட், வலிமை 30 மெகாபாஸ்கல். அது பாறைக்கு எதிராக அதிகபட்சம் 1.5 மெகாபாஸ்கல் கொடுக்கும். எதிரே நிற்பது 7ஆம் கேள்வியின் 16. வளையத்தை இருமடங்கு கனமாக்கினாலும் 3தான். ஆக முழுத் தகைவோடு மல்லுக்கட்டுவது நடக்காத காரியம்.

பாறையை ஓரளவு உள்ளே வரவிட்டால் அது தன் சுமையைச் சுற்றுப்புறத்துக்குக் கடத்திவிடும். மீதியைத் தடுக்கச் சிறு அழுத்தமே போதும். ஆஸ்திரியாவின் ரப்செவிச் 1960களில் எழுதி, ‘புதிய ஆஸ்திரிய முறை’ என்று பெயர் பெற்றதன் சாரம் இதுதான். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கத்தில் செட்ரூன் பகுதிக்கு வடக்கே நொறுங்கிய பாறையில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றன் மேல் ஒன்று சறுக்கும் இரும்பு வளையங்களைப் பொருத்தி, தரை 70 சென்டிமீட்டர் வரை உள்ளே வரும் என்று எதிர்பார்த்து அந்த அளவுக்குப் பெரிதாகத் தோண்டினார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அளவுக்கு மீறி விட்டால் பாறை தளர்ந்து, 1ஆம் கேள்வியில் சொன்ன தளர்ந்த சுமையாக மாறித் தலையில் உட்காரும். அடுத்து, இதெல்லாம் ஆழத்துக்கு உரிய ஞானம். நகரத்துக்கு அடியில் 15 மீட்டர் ஆழத்தில், மென்மண்ணில், ‘தரையை நகரவிடு’ என்று யாராவது சொன்னால் மேலே இருக்கும் கட்டடங்களைக் கேட்டுவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே வளையத்தைச் சீக்கிரம் மூடுவதுதான் சரி.

9. பிதுங்குவதும் உப்புவதும் ஒன்றுதானா?

இல்லை. பிதுங்கல் தகைவால் வருவது, பாறையின் கன அளவு பெரிதாக மாறாது. உப்பல் தண்ணீரைக் குடித்துக் கன அளவு பெருகுவது. அன்ஹைட்ரைட் என்ற கனிமம் நீரேறி ஜிப்சமாகும்போது சுமார் 60 சதவீதம் பெருகும். ஜெர்மனியின் ஸ்டாஃபன் ஊரில் 2007இல் புவிவெப்பத்துக்காகத் துளையிட்டதில் அன்ஹைட்ரைட் அடுக்குக்கு நீர் எட்டி, ஊரின் பழைய பகுதியே மேலெழுந்து நூற்றுக்கணக்கான கட்டடங்கள் விரிசல் விட்டன. சுரங்கத்தில் உப்பல் பெரும்பாலும் தரைப் பக்கத்தில்தான் தெரியும், தண்ணீர் தேங்குவது அங்கேதானே.

10. தென்னிந்தியப் பாறை உறுதியானது. இங்கே கல் வெடித்துத் தெறிக்கும் பிரச்சினை வராது என்கிறார்களே?

உறுதியாக இருப்பதால்தான் வெடிக்கிறது. மென்பாறை தகைவைச் சேர்த்து வைக்காது, விட்டுக்கொடுத்துவிடும். உறுதியான, நொறுங்கும் தன்மையுள்ள பாறை ஆற்றலைச் சேர்த்து வைத்து ஒரே நொடியில் விடும். இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. பாறை வெடிப்புகள் அங்கே பல தலைமுறைத் தொழிலாளர்களைப் பலிகொண்ட பழைய எதிரி. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இந்தியாவின் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் அந்த ஊரில் தொடங்கப்பட்டது தற்செயல் அல்ல.

ஆழம் குறைந்த சாலைச் சுரங்கத்தில் இந்தப் பயம் பொதுவாக இல்லை. ஓரத் தகைவு, ஆய்வக வலிமையில் ஏறக்குறைய பாதியை எட்டும்போது உரிதல் தொடங்கலாம் என்பது அனுபவ அளவு. மானிடோபாவில் நடந்ததும் அதுவே. சீனாவின் ஜின்பிங் மலையில் 2,500 மீட்டர் மூடலுக்கு அடியில் நீர்மின் சுரங்கங்கள் தோண்டியபோது கடும் வெடிப்புகள் வந்தன. உள்ளே நிற்பவர்களுக்குப் பாறை சில சமயம் முன்னறிவிப்புக் கொடுக்கும். சோளம் பொரிவதுபோன்ற சடசடப்பு கேட்டால் வாதம் செய்யாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

11. தகைவை உண்மையிலேயே அளக்க முடியுமா, அல்லது எல்லாம் ஊகமா?

தகைவை நேரடியாக யாரும் பார்த்ததில்லை. அதை விடுவித்து, பாறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கிறோம். எளிய முறை தட்டை ஜாக். சுவரில் இரண்டு ஊசிகளைப் பதித்து இடைவெளியைக் குறித்துக்கொள்வோம். நடுவே வைரப்பல் ரம்பத்தால் ஒரு பிளவு வெட்டியதும் ஊசிகள் நெருங்கும். பிளவுக்குள் தட்டையான இரும்புப் பையைச் செருகி, எண்ணெயை ஏற்றிக்கொண்டே போனால் ஊசிகள் மெல்ல விலகும். பழைய இடைவெளிக்கு வந்த கணத்தில் அழுத்தமானி காட்டும் எண்தான் சுவரில் அந்தத் திசையில் இருந்த தகைவு. சுவரின் தகைவு என்று சொன்னதைக் கவனியுங்கள். அது ஏற்கெனவே துளையால் பெருகிய எண். பல இடங்களில் அளந்து, 4ஆம் கேள்வியின் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால்தான் மலையின் இயல்பான தகைவு வரும். வெடியால் சுவர் சிதைந்திருந்தால் எண் குறைத்துக் காட்டும்.

ஆழ்துளைக்குள் நீரை அழுத்தி ஏற்றிப் பாறையைப் பிளக்கும் முறையும், துளையைச் சுற்றி இன்னொரு பெரிய துளை போட்டு நடுத்தண்டை விடுவிக்கும் முறையும் சுவரின் தொந்தரவு இல்லாத இடத்தில் அளக்க உதவும். செலவு அதிகம் என்று இவற்றைத் தவிர்க்கும் திட்டங்கள், பிறகு தாங்கலில் அந்தப் பணத்தைப் பல மடங்காகக் கொடுப்பதைப் பார்க்கலாம்.

12. அளவீட்டில் எத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் ஆபத்து?

ஒரு எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். மொத்த எண்ணைவிட அது கூடும் வேகமே பேசும். மேல்பாதி தோண்டிய இடத்தில் உச்சிப் புள்ளியின் தினசரி அசைவு 9, 6, 4, 2, 1 என்று மில்லிமீட்டரில் வந்தால், 22 மில்லிமீட்டர் ஆனாலும் நிம்மதியாக இருக்கலாம். அடுத்த நாள் 3, அதற்கடுத்த நாள் 5 என்று ஏறினால் மொத்தம் 30தான் என்றாலும் இருக்கையை விட்டு எழ வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தில் யாராவது பெஞ்ச் வெட்டினார்களா என்பது. வெட்டியிருந்தால் காரணம் தெரிந்தது, வெட்டுவதை நிறுத்தினால் அசைவும் அடங்கும். ஒன்றும் செய்யாமலே வேகம் கூடினால் தாங்கல் தோற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயம் மறந்துபோகிறது. முகப்பு ஒரு புள்ளியை எட்டும் முன்பே அந்தப் புள்ளி நகரத் தொடங்கிவிடும். மீள்தன்மையுள்ள பாறையில், இறுதி அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முகப்பிலேயே நடந்து முடிந்திருக்கும். முகப்பு ஒன்றரை விட்டம் தாண்டிப் போனபோது பெரும்பகுதி முடிந்துவிடும். ஆகவே அசைவை அளக்கும் குறியைப் பதிக்க இரண்டு நாள் தாமதித்தால், உங்கள் ஏட்டில் இருப்பது கதையின் கடைசி அத்தியாயம் மட்டும்.

13. இடிவு எப்போதும் முகப்பில்தானே நடக்கும்? பின்னால் வேலை செய்பவர்களுக்குப் பயமில்லையே?

இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பர் 12 அன்று சரிந்தது முகப்பு அல்ல. வாயிலிலிருந்து 200 மீட்டரை ஒட்டிய, ஏற்கெனவே தோண்டித் தாங்கல் போட்ட பகுதி. முகப்புப் பக்கம் இருந்த 41 தொழிலாளர்கள் சரிவுக்கு அப்பால் மாட்டிக்கொண்டார்கள். சுமார் 60 மீட்டர் இடிபாட்டைத் துளைத்து நவம்பர் 28 அன்றுதான் மீட்க முடிந்தது. கடைசி மீட்டர்களை எலிவளைபோன்ற குறுகிய துளைகளில் தோண்டிப் பழகிய தொழிலாளர்கள் கையால் தோண்டினார்கள்.

நொறுங்கிய பாறையில் போட்ட முதல்நிலைத் தாங்கல் நிரந்தரமானது அல்ல. வளையத்தின் அடியை மூடாமல் விட்டாலும், உருக்குலைந்த இடத்தைச் சரிசெய்ய வளைவைக் கழற்றினாலும், பாறை கண்டுபிடித்திருந்த சமநிலை கலையும். ஹீத்ரோ விமான நிலையத்தில் 1994 அக்டோபர் 21 அன்று சுரங்கங்கள் இடிந்ததிலும் இன்வெர்ட்டின் மோசமான கட்டுமானத்துக்குப் பங்கு இருந்தது. அசைவுகள் அதற்கு முன்பே எச்சரித்திருந்தன. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அதிர்ஷ்டம்.

14. ஒரே முகப்புக்கு ஆர்.எம்.ஆர். ஒன்று சொல்கிறது, க்யூ வேறு சொல்கிறது. எதை நம்புவது?

இரண்டும் பாறையின் தரத்துக்கு மதிப்பெண் போடும் முறைகள். பியன்யாவ்ஸ்கியின் ஆர்.எம்.ஆர். (1973) பாறையின் வலிமையையும் விரிசலின் திசையையும் பார்க்கிறது, தகைவைப் பார்ப்பதில்லை. பார்ட்டனும் உடன் உழைத்தவர்களும் தந்த க்யூ (1974) தகைவுக்குத் தனிக் காரணி வைத்திருக்கிறது, திசைக்கு வைக்கவில்லை. ஆக இரண்டும் வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. முரண்பட்டால் அது தகவல்தான். ஆழத்தில் ஆர்.எம்.ஆர். நன்றாகவும் க்யூ மோசமாகவும் வந்தால், தகைவு இங்கே கதாநாயகன் என்று பொருள். ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சூத்திரத்தால் வருவித்து ‘இரண்டும் ஒத்துப்போகின்றன’ என்று அறிக்கை எழுதுபவர்களிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

15. தண்ணீர் வந்தால் வடித்துவிட்டால் போதாதா? தகைவுக் கணக்கில் அதற்கு என்ன வேலை?

விரிசலின் இரு முகங்களை அழுத்திப் பிடித்திருக்கும் தகைவில் நீரழுத்தத்தைக் கழித்து மீதியே உராய்வைத் தரும். 300 மீட்டர் நீர்நிரல் என்றால் 3 மெகாபாஸ்கல் அப்படியே கழிந்துபோகும். நொறுங்கிய மண்டலத்தில் அதுவே நிற்கும் தரைக்கும் ஓடிவரும் சேற்றுக்கும் உள்ள வேறுபாடு. அடல் சுரங்கத்தில் சேரி நாலா என்ற ஓடைக்கு அடியில் இருந்த 587 மீட்டர் பிளவு மண்டலம்தான் மொத்தப் பாதையிலும் மிகக் கடினமான பகுதி. அதைத் தாண்டுவதற்கே ஆண்டுக்கணக்கில் ஆனது.

இன்னொரு நுட்பம்: 1ஆம் கேள்வியில் பாறை வளைந்து சுமையைக் கடத்தும் என்றேன். தண்ணீர் அப்படிச் செய்யாது. ஜப்பானின் செய்கான் சுரங்கம் கடல்மட்டத்துக்கு 240 மீட்டர் கீழே போகிறது. அங்கே நீர்புகாத வளையம் கட்டினால் 2.4 மெகாபாஸ்கலை முழுதாகத் தாங்க வேண்டும். அதனால் சுற்றுப் பாறையில் கிரௌட் (சிமென்ட்டுக் குழம்பு) ஏற்றிக் கசிவைக் குறைத்து, வருவதை வெளியே இறைக்கிறார்கள். ஆழம் குறைந்த மெட்ரோவில் மாறாக, வடித்தால் மேலே நிலத்தடி நீர் இறங்கி மண் அமுங்கும். அங்கே நீர்புகாத வளையம்தான் சரி.

16. எங்கள் வீட்டுக்கு அடியில் மெட்ரோ போகப்போகிறது. வீடு இறங்குமா?

கொஞ்சம் இறங்கும். இறங்கவே இறங்காது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பொறியாளர் பெக் 1969இல் காட்டியபடி, மேற்பரப்பில் மணி வடிவப் பள்ளம் விழும். 6.6 மீட்டர் விட்டம், 18 மீட்டர் ஆழம், தோண்டும்போது கூடுதலாக இழக்கும் மண் துளையின் கன அளவில் ஒரு சதவீதம் என்று வைத்தால், களிமண்ணில் நடுப்பகுதி சுமார் 15 மில்லிமீட்டர் இறங்கும். வீட்டைக் கெடுப்பது இறக்கம் அல்ல, ஒரு மூலை இறங்கி மறு மூலை நிற்பதுதான். இந்தக் கணக்கில் அதிகபட்சச் சாய்வு ஆயிரத்தில் ஒன்று. பூச்சில் மயிரிழை விரிசல் வரலாம், கட்டமைப்புக்குக் கேடில்லை. துளையிடும் இயந்திரம் தன் முன்னறையில் மண்ணழுத்தத்தைச் சரியாகப் பிடித்து, வளையத்தின் பின் இடைவெளியை உடனே கிரௌட்டால் நிரப்பினால் ஒரு சதவீதத்துக்குக் கீழேயும் கொண்டுவரலாம். வேலை தொடங்கும் முன் வீட்டில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவர்கள் பதிவுசெய்ய வரும்போது கதவைத் திறந்துவிடுங்கள், பிரதி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

17. மென்பொருள் பச்சை நிறம் காட்டுகிறது. பிறகு ஏன் சந்தேகப்பட வேண்டும்?

சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று மெட்ரோவுக்காகத் தோண்டிய ஆழமான திறந்த பள்ளம் ஒன்று நிக்கோல் நெடுஞ்சாலையோடு சேர்ந்து இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். வடிவமைப்பில் முதன்மையான தவறுகளில் ஒன்று மென்பொருளில் தேர்ந்தெடுத்த ஒரு முறை. நீர் வெளியேற நேரமில்லாத கடல்களிமண்ணுக்கு, நீர் வெளியேறிய மண்ணின் வலிமை எண்களைக் கொடுத்திருந்தார்கள். எளிய மாதிரி அதை வைத்துக் களிமண்ணுக்கு இல்லாத வலிமையைக் கற்பித்தது. சுவரின் வளைவு, உண்மையில் வரவேண்டியதில் ஏறக்குறைய பாதியாகத் தெரிந்தது. தாங்கு சட்டங்களின் இணைப்பும் பலவீனம். அளவீடுகள் எல்லை மீறியபோது, அவற்றுக்கு ஏற்பக் கணக்கை மாற்றி எல்லையை உயர்த்தினார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் கிர்ஷ், ஹோக்-மரினோஸ் போன்ற கைக்கணக்கு ஒன்றைப் போட்டுவிடுங்கள். விடைகள் பல மடங்கு வேறுபட்டால் தவறு பெரும்பாலும் நீங்கள் உள்ளே கொடுத்ததில் இருக்கும்.

18. சுரங்கத்துக்குப் பாதுகாப்புக் காரணி எவ்வளவு என்று ஏன் யாரும் நேராகச் சொல்வதில்லை?

பாலத்தில் சுமை தனி, தாங்கும் உறுப்பு தனி. ஒன்றை மற்றொன்றால் வகுக்கலாம். இங்கே சுமையும் பாறைதான், தாங்குவதும் பாறைதான். அதற்கும் மேலே, 8ஆம் கேள்வியில் பார்த்ததுபோல், வளையத்தை விறைப்பாக்கினால் அதன் மேல் வரும் சுமையே கூடும். ஷாட்கிரீட்டுக்குத் தனியாக, போல்ட்டுக்குத் தனியாக, விழக்கூடிய கட்டிக்குத் தனியாகக் காரணி சொல்லலாம். பாறையின் வலிமை எண்களைப் படிப்படியாகக் குறைத்து எங்கே சரிகிறது என்றும் பார்க்கலாம். முழுச் சுரங்கத்துக்கும் ஒற்றை எண் கேட்டால், கேட்டவருக்காக ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கத்தான் முடியும்.

19. பாதை திறந்து வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் தரை நகருமா?

பிதுங்கும் பாறையிலும் உப்பும் பாறையிலும் ஆண்டுக்கணக்கில் நகரும். நல்ல பாறையில் பெரும்பாலும் இல்லை. ஆனால் பழைய சுரங்கங்களில் பின்னாளில் வரும் விரிசலுக்குப் பல நேரம் பாறையைவிடத் தண்ணீர்தான் காரணம். நீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு வடிகால் குழாய்களில் படிந்து அடைக்கும். வடிந்துவிடும் என்று கருதி நீரழுத்தத்துக்கு வடிவமைக்காமல் விட்ட கான்கிரீட் வளையத்தின் பின்னால் நீர் ஏறத் தொடங்கும். அதனால் பராமரிப்புக்குப் போகும்போது வளையத்தில் விரிசல் தேடுவதற்கு முன், வடிகால் தொட்டிகளைத் திறந்து, போன ஆண்டு ஓடிய அளவு தண்ணீர் இந்த ஆண்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் மகிழ்ச்சியடையாமல் குழாயைக் கழுவச் சொல்லுங்கள்.